வி.சி.ஆர்.சி. உருவாக்கிய வோல்பாக்கியா கொசுக்கள் நம் ஊர் வெயிலைத் தாங்குமா?

கெடிலக்கரை, மஞ்சக்குப்பம், கடலூர்:

வணக்கம். வோல்பாக்கியா என்னும் பாக்டீரியாவைத் தாங்கிய ஏடிஸ் எஜிப்தி கொசுக்களை, அதாவது டெங்குவைப் பரப்பும் கொசு இனத்தை, புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள வி.சி.ஆர்.சி. (நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம்) உருவாக்கியிருப்பதாக 2022-இல் செய்தி வந்தது. இவற்றை வெளியில் விட்டால் டெங்கு பரவல் குறையும் என்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை தொடங்கியவுடன் காய்ச்சலைக் கண்டு அஞ்சும் கடலூர்க்காரன் என்ற முறையில் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன். இவை மரபணு மாற்றப்பட்ட கொசுக்களா? இவை கடித்தால் அந்தப் பாக்டீரியா நம் உடலுக்குள் வருமா? எல்லாவற்றுக்கும் மேலாக, குளிர்ந்த நாடுகளின் ஆய்வகங்களில் பிறந்த ஒரு முறை, கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தொட்டி நீரே கொதிக்கும் நம் ஊரில் பலன் தருமா?

நுண்ணுயிர் மாணவி, காலாப்பட்டு:

இவை மரபணு மாற்றப்பட்டவை அல்ல. பூச்சி இனங்களில் ஏறத்தாழ பாதியில் வோல்பாக்கியா இயற்கையாகவே வாழ்கிறது. ஏடிஸ் எஜிப்தியில் அது இயல்பாக இல்லை. இதை முதன்முதலில் 1924-இல் கண்டறிந்ததே ஒரு கியூலெக்ஸ் கொசுவில்தான். நம் சாக்கடைகளில் பெருகி இரவெல்லாம் கடிக்கும் கியூலெக்ஸ் கொசுக்களும் இதைச் சுமந்தே திரிகின்றன. தலைமுறை தலைமுறையாக அவற்றிடம் கடி வாங்கியும் இந்தப் பாக்டீரியாவால் நமக்கு நோய் வந்ததில்லை என்பதே உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு நேரடியான விடை.

வி.சி.ஆர்.சி. செய்தது பொறுமையான இனக்கலப்பு வேலை. மெல்பர்னிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வோல்பாக்கியா கொண்ட முட்டைகளைப் பெற்று, அவற்றிலிருந்து வந்த பெண் கொசுக்களைப் புதுச்சேரியின் ஆண் கொசுக்களோடு பல தலைமுறைகள் இணைத்தார்கள். பாக்டீரியா தாயின் முட்டை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குச் செல்வதால், கொசுவின் சொந்த மரபணுக்கள் நம் ஊர்க் கொசுவுடையதாக மாறிய பிறகும் பாக்டீரியா அப்படியே தங்கிவிடுகிறது. இந்தக் கலப்பு வெறும் சடங்கு அன்று. ரியோ டி ஜெனீரோவில் முதலில் விடப்பட்ட கொசுக்களுக்கு உள்ளூர்க் கொசுக்களிடம் இருந்த பூச்சிமருந்து எதிர்ப்புத்திறன் இல்லாததால், அவை நிலைபெறாமல் போயின.

வோல்பாக்கியா உள்ள ஆண், அது இல்லாத பெண்ணோடு இணைந்தால் முட்டைகள் பொரிப்பதில்லை. வோல்பாக்கியா உள்ள பெண் எந்த ஆணோடு இணைந்தாலும் முட்டைகள் பொரிக்கும். இந்தச் சாதகத்தால், போதிய எண்ணிக்கையில் விட்டுவிட்டால் பாக்டீரியா தானாகவே கொசுக் கூட்டம் முழுவதும் பரவும். இதற்குக் காரணமான சிஃப் ஏ, சிஃப் பி என்னும் மரபணுக்கள் 2017-இல் இனங்காணப்பட்டன. டெங்கு வைரஸ் பெருகுவதற்குத் தேவைப்படும் கொலஸ்டிரால் போன்ற பொருள்களுக்கு இந்தப் பாக்டீரியா செல்லுக்குள்ளேயே போட்டியிடுகிறது. கொசு உயிரோடு இருக்கும், கடிக்கும், ஆனால் வைரஸைக் கடத்தும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் நடந்த சோதனையில் டெங்கு 77 விழுக்காடும், டெங்குவால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை 86 விழுக்காடும் குறைந்ததாக 2021-இல் முடிவுகள் வெளியாயின. அது குளிர்நாடு அன்று, வெப்பமண்டல நகரம் என்பதையும் கவனியுங்கள்.

இனி வெயிலுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் மிக முக்கியமானது இதுதான். பழ ஈயிலிருந்து எடுக்கப்பட்ட டபிள்யூமெல் என்னும் வகைதான் யோக்யகர்த்தாவில் பயன்பட்டது. கொசுப்புழுக்கள் நாள்தோறும் 26 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் நீரில் வளர்ந்தால், டபிள்யூமெல் அவற்றின் உடலில் வெகுவாகக் குறைந்துவிடுவதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள். மே மாதத்தில் நம் ஊரில் வெயிலில் கிடக்கும் டயருக்குள் தேங்கிய நீர் அந்த அளவை எளிதில் எட்டும். டபிள்யூஆல்ப்பி என்னும் மற்றொரு வகை வெப்பத்தை நன்கு தாங்குவதால், கோலாலம்பூர்ப் பகுதியில் அதையே விட்டார்கள். அங்கும் டெங்கு கணிசமாகக் குறைந்தது. வி.சி.ஆர்.சி. இரண்டு வகைகளிலும் கொசுக்களை உருவாக்கியிருப்பது இந்தக் காரணத்தால் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. நம் கடற்கரைக்கு இரண்டாவது வகையே பொருந்தும் என்பது என் கருத்து.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், நெல்லிக்குப்பம்:

மேலே எழுதிய மாணவிக்கு என் பாராட்டுகள். களத்தில் பணிபுரிந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். கொசுக் கூட்டத்தில் பாக்டீரியா பரவ வேண்டுமானால் ஆண்களோடு பெண் கொசுக்களையும் விட்டாக வேண்டும். பெண் கொசு கடிக்கும். கொசுவை ஒழிக்க வேண்டிய அரசே கொசுவை விடுகிறது என்று மக்கள் கேட்பது நியாயமானதுதான். உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து டெல்லியில் நடத்திய மரபியல் வழிக் கொசுக் கட்டுப்பாட்டு ஆய்வு, உயிரியல் போருக்கான ஆயத்தம் என்ற குற்றச்சாட்டு பத்திரிகைகளில் எழுந்து நாடாளுமன்றம் வரை சென்றதால் 1975-இல் முடிவுக்கு வந்தது. வி.சி.ஆர்.சி. தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஆகவே கொசுக் கூண்டைத் திறப்பதற்கு முன்பாகத் தெருத்தெருவாகக் கூட்டம் நடத்தி, எவ்வளவு காலம் கடி கூடும், யாரிடம் முறையிடலாம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கெடிலக்கரை:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் கொசுக்களை விடும் பகுதிகளில் கொசுப்புழுக்களைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றுவதையும், புழு இருக்கிறதா என்று பார்க்க வீடு வீடாக வரும் டிபிசி பணியாளர்களின் ஆய்வையும் நிறுத்திவிடுவார்களா?

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்:

நிறுத்தக் கூடாது ஐயா. விடும் வாரங்களில் புகை மருந்து அடித்தால் புதிய கொசுக்களும் சேர்ந்து சாகும் என்பதால், அதை மட்டும் ஆய்வகத்தோடு கலந்து நேரம் குறிக்க வேண்டும். டிரம்மை மூடுவதும், ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுவதும், ஆட்டுக்கல் குழியை வாரம் ஒருமுறை துடைப்பதும் அப்படியே தொடர வேண்டும். முன்கூட்டியே கொசு எண்ணிக்கை குறைவாக இருந்தால்தான் குறைந்த அளவு கொசுக்களை விட்டே பாக்டீரியாவை நிலைநிறுத்த முடியும். மக்களுக்குக் கூடுதல் கடியும் அந்த அளவுக்குக் குறையும்.