சங்கக் கட்டணம்: கட்டியே ஆக வேண்டுமா?

நொய்யல்கரை:
தம்பி மெல்பர்னில் முதுகலை சேர்ந்திருக்கிறான். 2025-க்கான ரசீதில் படிப்புக் கட்டணத்துக்குக் கீழே ‘மாணவர் சேவை, வசதிக் கட்டணம்’ என்று தனியாக 365 டாலர். அந்த ஆண்டுக்கு அந்நாட்டுச் சட்டம் அனுமதித்த உச்சவரம்பே அதுதான். உள்ளூர்ப் பிள்ளைகள் அதை அரசுக் கடனில் தள்ளிப்போடலாம். இவன் ரொக்கமாகக் கட்ட வேண்டும். மாணவர் சங்கத்தில் சேர்வது அவரவர் விருப்பமாம், பணம் மட்டும் கட்டாயமாம். என்னங்க நியாயம் இது?

கடைமடை:
எங்கள் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலைத் தூர்வார, விருப்பப்பட்டவர் மட்டும் கொடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். தலைமடைக்காரர் ஏன் கொடுக்கிறார்? அவருக்குத்தான் தண்ணீர் எப்படியும் வந்துவிடுமே. ஆஸ்திரேலியாவில் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். 2005 டிசம்பரில் சட்டம் போட்டு, 2006 ஜூலை முதல் கட்டாய வசூலுக்குத் தடை. சங்கங்கள் நடத்திய விளையாட்டு, சட்ட உதவி எல்லாம் பல இடங்களில் சுருங்கிப் போயின. 2011-ல் மறுபடி சட்டம், 2012-ல் 263 டாலர் வரை வசூல்.

சூலூர்க்காரி:
அண்ணா, வாய்க்கால் அரசியல் பேசாது. சங்கம் பேசும். நான் ஒப்பாத கருத்துக்கு என் காசில் ஏன் பேனர்? சேரும் உரிமை என்றால் சேராமல் இருக்கும் உரிமையும் அதில் அடக்கம்தான். நியூசிலாந்து அப்படித்தான் 2011-ல் சட்டம் கொண்டுவந்தது.

கடைமடை:
கட்சிக்கோ தேர்தல் வேட்பாளருக்கோ அந்த 365-ஐச் செலவிடக் கூடாது என்று ஆஸ்திரேலியச் சட்டமே சொல்கிறது அம்மிணி. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாணவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2000-ல் தீர்ப்பு: கட்டாயமாக வாங்கலாம், ஆனால் கருத்தைப் பார்த்துப் பங்கு பிரிக்கக் கூடாது. அப்புறம் நியூசிலாந்து. அங்கே சங்கக் கட்டாயம் போனதே தவிர, பல்கலைக்கழகமே சேவைக் கட்டணம் என்று வாங்கிக்கொள்கிறது. மாணவன் பையில் மிச்சம் ஒன்றும் இல்லை. கைதான் மாறியது.

சூலூர்க்காரி:
நான் படித்த பொறியியல் கல்லூரியில் (பெயர் வேண்டாம்) செமஸ்டருக்கு 500 ரூபாய் அசோசியேஷன் பீஸ். தேர்தல் கிடையாது, துறைத் தலைவர் கைகாட்டுபவர்தான் செயலாளர். நான்கு வருடத்தில் கண்டது ஒரு சிம்போசியமும் ஒரு பேனா அடங்கிய பையும். கணக்குக் கேட்டதற்கு, “கண்ணு, படிப்பைப் பாரு” என்றார்கள். வேண்டாம் என்று சொல்ல வழியிருந்தால் அடுத்த வருடமே கணக்கு தானாக வெளியே வந்திருக்கும். கனடாவின் ஒன்டாரியோ 2019-ல் அப்படி ஒரு வழி வைத்தது: அத்தியாவசியமானது கட்டாயம், மற்றதை மாணவரே விட்டுவிடலாம். அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் ரத்து செய்தது, 2021-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. எனக்கு வருத்தம்தான்.

கடைமடை:
உங்கள் கல்லூரியில் கோளாறு கட்டாயத்தில் இல்லை, தேர்தல் இல்லாததில். மாணவர் சங்கத் தேர்தல் பற்றிய லிங்டோ குழு பரிந்துரையை 2006-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்று, வேட்பாளர் செலவுக்கு 5,000 ரூபாய் வரம்பு வரை வைத்தாயிற்று. நடத்தத்தான் ஆளில்லை.

அந்தியூர்ச் சந்தை:
இடையில் வருகிறேன். எங்கள் ஊர்க் கோயில் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி கட்டாயம்தான், திருப்பூருக்குக் குடிபோனவனும் கொடுக்க வேண்டும். ஆனால் நோம்பி முடிந்த வாரமே கணக்கை ஊர்க்கூட்டத்தில் வாசிப்பார்கள். பந்தல் செலவில் இருநூறு ரூபாய் இடித்தால் விடிய விடியச் சண்டை. மெல்பர்னில் 365 டாலருக்கு யார் சண்டை போடுகிறார்கள்?

கடைமடை:
பணம் முதலில் போவதே நிர்வாகத்துக்கு அல்லவா. அதில் குறைந்தது 40 விழுக்காடு மாணவர்களே நடத்தும் அமைப்புகளுக்குப் போக வேண்டும் என்ற விதியே 2025-ல்தான் வந்தது.

சூலூர்க்காரி:
ஆக மீதி 60-க்கு யார் கணக்கு வாசிப்பது? சந்தை அண்ணன் கேட்டதும் அதுதான்.

நொய்யல்கரை:
தம்பியிடம் கேட்டேன். முந்தைய வீட்டுக்காரர் வாடகை முன்பணத்தைப் பிடித்துவைத்திருக்கிறாராம். மாணவர் சங்கத்தின் இலவச சட்ட உதவியில்தான் கடிதம் எழுதி வாங்கியிருக்கிறான். 365 கட்டியதற்கு இன்னும் முணுமுணுக்கவும் செய்கிறான்.

சூலூர்க்காரி:
சரி, முன்பணம் கைக்கு வந்ததும் சொல்லுங்கள். அப்புறம் பேசலாம்.