தோட்டத்து ஓக் மரத்துக்குப் பாதுகாப்பு ஆணை உள்ளது: கிளையைக் குறைக்கலாமா?

கேள்வி (ஹாரோவாசி):
வணக்கம். சென்ற ஆண்டு லண்டனின் ஹாரோ பகுதியில் வீடு வாங்கினோம். பின்வளவின் கோடியில் நிற்கும் ஓக் மரத்தை நானும் மகனும் கைகோத்து நின்றாலும் சுற்றி வளைக்க முடியவில்லை. அதன் ஒரு கிளை குசினிக் கூரைக்கு மேலாக நீண்டிருப்பதால், இலையுதிர் காலத்தில் பீலி முழுவதும் அடைத்துக்கொள்கிறது. கிளையைக் குறைக்க அழைத்த ஒப்பந்தக்காரர், ஞாயிறு காலையில் வந்தால் எவரும் கவனிக்கமாட்டார்கள் என்றும், மரத்தையே இறக்கிவிடலாம் என்றும் சொன்னார். ஆனால் வீட்டுப் பத்திரங்களில் மரப் பாதுகாப்பு ஆணை ஒன்று குறிப்பிடப்பட்டுள்ளது. மரம் எங்களுக்குச் சொந்தமாயிருந்தும் அதில் கை வைக்க முடியாதா? குசினியைப் பின்புறம் நீட்டிக் கட்டும் எண்ணமும் உண்டு.

பதில் (வேர்காப்பான்):
அந்த ஒப்பந்தக்காரரைத் தயவுசெய்து மறுபடி அழைக்காதீர்கள். 1990ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி மன்றமான கவுன்சில் பிறப்பிக்கும் இந்த ஆணை இருக்கும்போது, எழுத்து மூல அனுமதியின்றி மரத்தை வெட்டுவதும், உச்சியையோ கிளையையோ தறிப்பதும், வேண்டுமென்றே சேதப்படுத்துவதும் குற்றமாகும். வெட்டியவர் மட்டுமல்ல, வெட்டச் சொன்னவரும் குற்றவாளியே. மரம் அழிந்தால் நீதிமன்றம் விதிக்கக்கூடிய அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. அதே இடத்தில் இன்னொரு மரம் நடவும் வேண்டும்.

ஆனால் ஆணை என்பது முழுத் தடை அன்று. எந்தக் கிளையை, எவ்வளவு, ஏன் குறைக்க வேண்டும் என்பதைப் படத்துடன் எழுதி விண்ணப்பியுங்கள். கட்டணம் இல்லை, முடிவுக்கு 8 வாரங்கள். மறுத்தால் 28 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். பட்டுப்போன கிளைகளை அகற்றுவதற்கு அனுமதியே தேவையில்லை. ஆயினும் வெட்டுமுன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் (என்ஃபீல்ட் அக்கா):
குசினி விடயத்தில் பலர் தவறிழைப்பது இங்கேதான், தம்பி. முழுமையான திட்டமிடல் அனுமதி பெற்ற வேலைக்கு இன்றியமையாத அளவில் மரத்தை வெட்டினால் தனி ஒப்புதல் வேண்டியதில்லை. ஆனால் சிறு விரிவாக்கங்களுக்குச் சட்டம் பொதுவாகவே தந்திருக்கும் அனுமதியை நம்பிக் கட்டுபவருக்கு அந்த விலக்குக் கிடையாது. அத்திவாரம் தோண்டும்போது வேரை அறுத்தாலும் சிக்கல்தான்.

2025 ஏப்ரலில் எங்கள் பகுதியின் வைட்வெப்ஸ் பூங்கா அருகே, 500 ஆண்டுகள் வரை பழமையானதாக மதிப்பிடப்பட்ட ஓக் மரம் தறிக்கப்பட்டது. தறித்த பிறகே அதற்குப் பாதுகாப்பு ஆணை வந்தது. உங்கள் மரத்துக்கு ஆணை முன்கூட்டியே இருப்பதைப் பாரமாக எண்ணாதீர்கள்.

பதில் (வேர்காப்பான்):
ஒன்றைச் சேர்க்கிறேன். ஆணை இல்லாவிட்டாலும், வீடு பாதுகாக்கப்பட்ட மரபுப் பகுதிக்குள் இருந்தால், 1.5 மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரத்தைத் தொடுவதற்கு 6 வாரங்கள் முன்னரே கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். அயலவர்களிடமும் சொல்லுங்கள்.

ஹாரோவாசி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த ஒரு கிளைக்கு மட்டும் இந்த வாரமே விண்ணப்பிக்கிறேன். ஓக் கொட்டைகளை எங்கள் புல்தரையில் புதைத்துவிட்டுப் போகும் நீலச் சிறகுப் பறவையை மகன் நாள்தோறும் பார்த்து நிற்கிறான். குசினியின் வரைபடத்தை மரத்திலிருந்து விலக்கி வரையச் சொல்லிவிட்டேன்.