ஆதிப்புள்ளியில் 0/0 வந்தால் தொடுகோடே இல்லையா?

தண்டையார்பேட்டை டியூஷன்:
பிளஸ் ஒன் பசங்களுக்கு எக்ஸ்³ + ஒய்³ = 6·எக்ஸ்·ஒய் கொடுத்தேன். ஒய்யைச் சுலபமாகத் தனியே பிரிக்க முடியாத உட்படு சார்பு. இருபுறமும் அப்படியே வகையிட்டால் சாய்வு = (2ஒய் − எக்ஸ்²) / (ஒய்² − 2எக்ஸ்). கிடைமட்டத் தொடுகோடு எங்கே என்று தொகுதியைப் பூஜ்ஜியமாக்கினால் ஒய் = எக்ஸ்²/2; அதை முதல் சமன்பாட்டில் போட்டால் எக்ஸ் = 0, எக்ஸ்³ = 16 என்று இரண்டு விடை. முதல் விடையை அடிக்கச் சொன்னேன். எக்ஸ் = 0 என்றால் ஒய்யும் 0; அந்த ஆதிப்புள்ளியில் பகுதியும் பூஜ்ஜியம். அங்கே தொடுகோடு கிடையாது.

வியாசர்பாடி கணக்கு:
அடிக்கச் சொன்னது தப்பு சார். 0/0 என்றால் சூத்திரம் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். வளைவரை அங்கே தன்னையே வெட்டிக்கொண்டு போகிறது. மின்ட் மணிக்கூண்டு முனையில் நின்று ரோடு எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால் ஒரே பதிலா வரும்?

தண்டையார்பேட்டை டியூஷன்:
உவமை வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள். ஒரே சாய்வு இல்லாத இடத்தில் வகைக்கெழு இல்லை. பரீட்சையில் பையன் அதைத்தான் எழுத வேண்டும்.

வியாசர்பாடி கணக்கு:
சரி, கணக்கு. ஆதிக்குப் பக்கத்தில் ஒரு கிளையில் ஒய் மிகச் சிறியது. அப்போது ஒய்³-ஐ விட்டுவிடலாம். எக்ஸ்³ ≈ 6·எக்ஸ்·ஒய், அதாவது ஒய் ≈ எக்ஸ்²/6. எக்ஸ் 0.1 என்றால் ஒய் கிட்டத்தட்ட 0.00167. பரவளையம் மாதிரி எக்ஸ் அச்சைத் தொட்டுக்கொண்டு போகிறது, சாய்வு 0. இன்னொரு கிளை எக்ஸ் ≈ ஒய்²/6, அது ஒய் அச்சைத் தொடுகிறது. ஆக இரண்டு தொடுகோடு, இரண்டும் அச்சுகளே. நீங்கள் அடித்த எக்ஸ் = 0 உண்மையான கிடைமட்டத் தொடுகோடு.

1638-ல் டேகார்ட் இந்த வகை வளைவரையைக் காட்டித்தான் தொடுகோடு போடச் சொல்லி ஃபெர்மாவுக்குச் சவால் விட்டார். ஃபெர்மா போட்டார். லைப்னிட்ஸ் கால்குலஸை அச்சிட்டது 1684-ல்தான்.

பெரம்பூர் லோகோ:
நான் படிக்கிற பையன். எக்ஸ்³ = 16 புள்ளி என்ன ஆச்சு அண்ணா?

வியாசர்பாடி கணக்கு:
அது வளையத்தின் உச்சி தம்பி. எக்ஸ் ≈ 2.52, ஒய் ≈ 3.17. இரண்டையும் இடம் மாற்றினால் செங்குத்துத் தொடுகோடு. (3, 3)-ல் சாய்வு −1, போட்டுப் பார்.

தண்டையார்பேட்டை டியூஷன்:
கிளை பிரித்தது சரி, ஏற்கிறேன். ஆனால் ஆதியில் ‘வகைக்கெழு 0’ என்று மட்டும் எழுதுகிறவனுக்கு நான் மார்க் போடமாட்டேன். சூத்திரம் அங்கே செல்லாது என்று முதலில் எழுதட்டும், அப்புறம் கிளை பிரிக்கட்டும்.

வியாசர்பாடி கணக்கு:
அந்த வரிசைக்கு நானும் மார்க் போடுவேன் சார். எக்ஸ் = 0-ஐ அடித்தவனுக்குத்தான் போடமாட்டேன்.