பாட்டா விளை குடும்பக் குழு: ஒரு சனிக்கிழமை

காலை 6:40
ஜெபின் (மஸ்கட்): எல்லோருக்கும் காலை வணக்கம். சித்திரை பிறப்பதற்குள் ஊருக்கு வந்துவிடுவேன். இனித் திரும்பிப் போவதாக இல்லை. பாட்டா விளையில், அதாவது நம் தாத்தாவின் 40 சென்ட் தோட்டத்தில், வீட்டுக்கு வேண்டியதை நாங்களே விளைவித்துச் சாப்பிட வேண்டும் என்று மினியும் நானும் முடிவு செய்திருக்கிறோம். சூரிய உலர்த்தி, முட்டை பொரிக்கும் இயந்திரம், சொட்டுநீர்க் குழாய், சிறிய உழவு இயந்திரம் எல்லாவற்றுக்கும் விலை விசாரித்து வைத்திருக்கிறேன். எதை முதலில் வாங்கலாம்?

காலை 6:52
ஷைனி (நாகர்கோவில்): அண்ணா வருவதே பெரிய சந்தோஷம். பெரியம்மை என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

காலை 7:15
பெரியம்மை (திருவட்டார்): வா மக்களே. இப்போது ஒன்றும் வாங்காதே. முதலில் கிணற்றுக்குக் கப்பியும் கயிறும் போடு.

காலை 7:16
ஜெபின் (மஸ்கட்): மோட்டார் நன்றாகத்தானே ஓடுகிறது பெரியம்மை?

காலை 7:31
பெரியம்மை (திருவட்டார்): 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்று நீ இங்கே இல்லை. ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்து மின்கம்பங்கள் ரோட்டில் கிடந்தன. எத்தனையோ ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கிணறு நிறையத் தண்ணீர் கிடந்தது, மேலே கொண்டு வரத்தான் வழியில்லை. நம் கிணற்றில் கப்பி இருந்ததால் அக்கம்பக்கத்தார் எல்லோரும் இங்கே வந்து கோரிக்கொண்டு போனார்கள். பிறகு கிணற்றுக்கு வலை போட்டபோது அதைக் கழற்றிவிட்டார்கள். விறகுப்புரையில்தான் கிடக்கிறது. மினி எண்ணெய் போட்டு வைக்கட்டும்.

காலை 7:33
மினி: சரி மாமி. இன்றைக்கே எடுத்து வைக்கிறேன்.

காலை 7:58
பெரியம்மை (திருவட்டார்): ஜெபின், உன் பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் விளைவிப்பதற்கான சாமான். நம் மண்ணில் விளைவிப்பது பெரிய காரியமே இல்லை. வைகாசியில் தொடங்கி இடவப்பாதி மழையும் பெய்கிறது, ஐப்பசியில் துலாமழையும் பெய்கிறது, கம்பை ஊன்றினால் வளர்கிறது. சக்கை (பலா) காய்த்தால் ஒரே நேரத்தில் காய்த்துத் தள்ளும், ஆனியில் பாதி அழுகி ஈ மொய்க்கும். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) பிடுங்கினால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு ஓடிவிடும். விளைந்ததைக் கெடாமல் வைக்கத் தெரியாதவன் 40 சென்டும் விளைவித்துவிட்டு ஆடி மாதம் கடைக்குத்தான் போவான். அந்த வேலையை முதலில் படி. அதற்கு அண்டாவும் வெயிலும் அடுப்புப்பரணும் போதும்.

காலை 8:10
மாமா (ராஜாக்கமங்கலம்): அக்காள் சொல்வது சரி. 1942இல் பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றபோது திருவிதாங்கூர் முழுவதும் மரச்சீனியைத் தின்றுதான் பிழைத்தது. நாமும் அப்போது அந்த ராஜ்யம்தானே. பாட்டா அந்தக் காலத்தை விட்டுவிட்டு ஒரு பேச்சுப் பேசமாட்டார். இந்தக் கிழங்கை நம் பக்கம் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா.

காலை 8:14
மினி: மாமி, மரச்சீனியை உலர்த்துவது எப்படி என்று விவரமாக எழுதுங்கள். நான் அவித்துச் சாப்பிட்டதோடு சரி.

காலை 8:46
பெரியம்மை (திருவட்டார்): எழுதுகிறேன் பிள்ளை. அன்றன்றைக்குப் பிடுங்கியதை அன்றே முடிக்க வேண்டும். மேல்தோலையும் அதற்கு அடியில் இருக்கும் தடித்த தொலியையும் சேர்த்து உரித்துவிடு. அரை விரல் கனத்துக்கு வட்டமாக வெட்டு. மெல்லியதாக வெட்டினால் வேகும்போதே கரைந்து போகும். அண்டாவில் தண்ணீரை நன்றாகக் கொதிக்க விட்டு, பிறகுதான் கிழங்கைப் போட வேண்டும். மூடி வேண்டாம். போட்டதும் கொதி அடங்கும். மறுபடி பொங்கி, துண்டின் ஓரம் கண்ணாடிபோலத் தெளியத் தொடங்கும்போது இறக்கிவிடு. விரலால் நசுக்கினால் நசுங்கக் கூடாது, நகம் மட்டும் இறங்க வேண்டும். தண்ணீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிட்டுப் பாறையில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பு. சாயங்காலம் அள்ளி உள்ளே வை, பனியில் விடாதே. பங்குனி வெயிலுக்கு நான்கைந்து நாளில் காய்ந்துவிடும். ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நன்றாக ஆறிய பிறகு தகரப்பெட்டியில் போட்டு மூடு. மழை தொடங்கும் முன் ஒருமுறை வெளியே எடுத்து வெயில் காட்டு. சமைக்கும்போது முதல்நாள் இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பயறும் தேங்காயும் சேர்த்து வை. ஆடி மாதத்து அடைமழையில் அதற்கு ஈடு கிடையாது.

காலை 8:55
ஷைனி (நாகர்கோவில்): தண்ணீரைக் கொட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது மினி. மரச்சீனியில் லினமரின் என்று ஒரு பொருள் உண்டு. கிழங்கை வெட்டும்போதும் நசுக்கும்போதும் அது உடைந்து சயனைடு உண்டாகும். திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்தால் பெரும்பகுதி தண்ணீரோடும் ஆவியோடும் போய்விடும். கசக்கும் வகைகளில் அதிகம், தொலியிலும் இலையிலும் இன்னும் அதிகம். கடும் வறட்சியில் வாடிய செடியின் கிழங்கிலும் கூடும். கசந்தால் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கொடுக்காதே. இதை நான் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

காலை 8:57
மினி: ஐயோ, அந்த இலையை ஆட்டுக்குப் போடலாம் என்று நினைத்திருந்தேன்!

காலை 9:03
பெரியம்மை (திருவட்டார்): பச்சையாகப் போடாதே பிள்ளை. ஆடு வயிறு ஊதிச் செத்துவிடும். பலா இலையையும் முருங்கை இலையையும் போடு. மரச்சீனி இலைதான் வேண்டுமென்றால் நறுக்கி நன்றாக உலர்த்தி, மற்றத் தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து கொடு.

காலை 10:20
ஜெபின் (மஸ்கட்): சூரிய உலர்த்தி இருந்தால் கொப்பரையும் சக்கையும் மழைக்காலத்திலும் உலர்த்தலாமே?

காலை 10:41
சித்தப்பா (குலசேகரம்): மழைக்காலத்தில் சூரியனுக்கு எங்கே போவாய் ஜெபின்? இங்கே ஆனியில் நாள் முழுவதும் வானம் மூடியே கிடக்கும். சிரட்டையை (தேங்காய் ஓட்டை) எரித்து உலர்த்தும் சிறிய கூண்டு ஒன்று கட்டிக்கொள். சிரட்டைத் தீ நின்று எரியும், புகையும் குறைவு, கொப்பரையும் கறுக்காது. விறகை எரித்தால் எண்ணெயில் புகைவாடை வந்துவிடும். கொப்பரையில் ஈரம் நூற்றுக்கு 6 பங்குக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். பச்சையும் மஞ்சளுமாகப் பிடிப்பதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. துடைத்துவிட்டுச் செக்குக்குக் கொண்டு போகலாம் என்று நினைக்காதே, அந்தத் துண்டுகளை எறிந்துவிடு. காயின் பருமனைப் பொறுத்து 10, 12 தேங்காய்க்கு ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கும். நம் விளையின் தென்னையே வீட்டுச் செலவுக்குத் தாராளமாகப் போதும்.

காலை 10:44
பெரியம்மை (திருவட்டார்): கூண்டு கட்டும்வரை அடுப்புப்பரண் இருக்கிறதே. புளியும் கொப்பரையும் கருவாடும் அங்கேதான் மழையைக் கடத்துகின்றன.

காலை 10:46
சித்தப்பா (குலசேகரம்): பரண் சின்ன அளவுக்குச் சரி மதினி. ஒரு வெட்டுத் தேங்காய்க்குக் காணாது.

காலை 10:47
பெரியம்மை (திருவட்டார்): அது உண்மைதான். கூண்டு கட்டட்டும்.

காலை 11:30
ஷைனி (நாகர்கோவில்): புளி இப்போது தட்டும் காலம். மினி, ஓட்டையும் நாரையும் கொட்டையையும் நீக்கி ஒரு வெயில் காட்டி, கல்லுப்பு தூவி மண்பானையில் அமுக்கி வைத்துவிடு. அடுத்த பங்குனி வரை கவலை இல்லை.

காலை 11:34
மினி: சக்கைக்குரு (பலாக்கொட்டை)? போன வருடம் முழுக்க முளைத்துப் போயிற்று.

காலை 11:52
பெரியம்மை (திருவட்டார்): கழுவி வழவழப்புப் போக நிழலில் உலர்த்து. பிறகு செம்மண்ணைக் குழைத்து ஒவ்வொரு குருவிலும் பூசிக் காயவிட்டு, பானையில் காய்ந்த மணலும் குருவுமாக அடுக்கு. வீட்டில் ஈரம் ஏறாத மூலையில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். தடியங்காய்க்கு (சாம்பல் பூசணிக்கு) அவ்வளவு வேலைகூட இல்லை. மேலே வெள்ளைச் சாம்பல் நன்றாகப் பூத்தபின் காம்போடு அறுத்து, கயிற்றில் உறிபோலக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடு. அந்தச் சாம்பலைத் துடைக்காதே, அதுதான் காயைக் காக்கிறது. கீழே போடாமல், அடிபடாமல் இருந்தால் ஓணம் வரைக்கும் வரும். விதைக்கு வைக்கும் காயையும் அப்படியே தொங்கவிடு. வெண்டைக்கும் பயறுக்கும் நடுக்காலத்தில் காய்த்த நல்ல காய்களைச் செடியிலேயே முற்றவிட்டு எடு. சாம்பலில் பிரட்டிப் புட்டியில் மூடி வை. கடைசியில் மிஞ்சியதை விதைக்கு விடுகிறவர்கள் உண்டு, அது கூடாது. முதல்தரமானதை விதைக்கு வைத்துவிட்டு அடுத்ததைக் கறிக்கு எடு.

மதியம் 1:15
ஜெபின் (மஸ்கட்): சித்தப்பா, தேனீப் பெட்டி? வந்ததும் நான்கு பெட்டி வாங்கிவிடலாமா?

மதியம் 1:40
சித்தப்பா (குலசேகரம்): வந்ததும் வேண்டாம். ரப்பர் மார்கழியில் இலை உதிர்த்து, தையில் தளிர்விடும். அந்தத் தளிரின் காம்பில் இலைகள் சேரும் இடத்தில் தேன் சுரக்கும். பூவைவிட அதை நம்பித்தான் மார்த்தாண்டம் பக்கத்துத் தேன் தொழில் நிற்கிறது. அது பங்குனியோடு முடிகிறது. நீ சித்திரையில் வாங்கினால், உனக்குக் கிடைப்பது ஆடி வரை சர்க்கரைப் பாகு ஊற்றிக் காப்பாற்ற வேண்டிய பெட்டிதான். புதிதாகத் தொடங்குகிறவன் அந்தப் பஞ்சகாலத்தில் கூட்டத்தை இழந்து மனம் விட்டுவிடுவான். ஐப்பசியில் நான் என் பெட்டிகளைப் பிரிக்கும்போது இரண்டு தருகிறேன். அதுவரை வாரம் ஒருமுறை வந்து என்னோடு பெட்டி திறந்து பார். முட்டை, புழு, இராணி அறை எல்லாம் கண்ணுக்குப் பழக வேண்டும். 1991இலும் 1992இலும் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் நோய் வந்து தென்னிந்தியா முழுவதும் பெட்டிகள் காலியாயின. கூட்டைத் திறந்து பார்த்தே நோயை அறியத் தெரிந்தவர்கள்தான் மிஞ்சியதை வைத்து மறுபடி பெருக்கினார்கள்.

மதியம் 1:43
ஜெபின் (மஸ்கட்): வாரம் தவறாமல் வருகிறேன் சித்தப்பா. பொரிப்பு இயந்திரம்?

மதியம் 1:45
பெரியம்மை (திருவட்டார்): அடைகாக்கும் நாட்டுக்கோழி ஒன்று போதும். 10, 12 முட்டை வைத்தால் 21ஆம் நாள் குஞ்சு. குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காப்பதும் அதுவேதான்.

மதியம் 2:05
மாமா (ராஜாக்கமங்கலம்): மீனை விட்டுவிட்டீர்களே. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகு போகாது. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. அதற்கு முன்பே நெத்திலியை உலர்த்திவிட வேண்டும். மணலில் போடாமல் பரண் கட்டி வலைமேல் பரப்பினால் மண்ணும் இராது, சீக்கிரமும் காயும். இங்கிருந்து கருவாடும் கருப்பட்டியும் நான் தருகிறேன். அக்கானி (பதநீர்) இறக்கும் காலம் இப்போதுதான். பனை ஏறுகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். காய்ச்சும் இடத்துக்கே போய் நேராக வாங்கினால்தான் கலப்படம் இல்லாமல் கிடைக்கும், ஏறுகிறவர் கைக்கும் காசு போகும். அரிசிக்கு 40 சென்டில் பாடுபடாதே ஜெபின். தாழக்குடியில் நம் ஆட்களுக்கு வயல் இருக்கிறது, கும்பப்பூப் போகத்தில் அறுத்த நெல் இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கும். தேங்காயும் நல்லமிளகும் கொடுத்து நெல் வாங்கிக்கொள்.

மதியம் 2:11
ஜெபின் (மஸ்கட்): எல்லாவற்றையும் ஒரே விளையில் செய்துவிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன் மாமா.

மதியம் 2:20
மாமா (ராஜாக்கமங்கலம்): பாட்டாவே உப்பும் நெல்லும் மீனும் மாற்றித்தான் வாங்கினார். மலையும் வயலும் கடலும் ஒரு மணிநேரப் பஸ் தூரத்தில் இருக்கும் ஜில்லா இது. அந்த வசதியை ஏன் விட வேண்டும்?

மாலை 4:50
மினி: மாமி, மரச்சீனி நடுவதற்குக் கம்பு உங்களிடம் எடுக்கலாமா? கடையில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, ஆனால் எந்தத் தோட்டத்துக் கம்பு என்று தெரியவில்லை.

மாலை 5:22
பெரியம்மை (திருவட்டார்): கடைக்கம்பு வேண்டாம். மொசைக் நோய் கம்பிலேயே கூட வரும். பிடுங்கிப் போட்ட கம்பைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது. செடி நிற்கும்போதே பார்க்க வேண்டும். இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாக இருந்தால், இலை முறுக்கிக் குறுகியிருந்தால் அந்தச் செடி ஆகாது. வெள்ளை ஈதான் அதைப் பரப்புகிறது. என்னிடம் எம்4 என்ற மரச்சீனி ரகம் நிற்கிறது. சுத்தமான செடிகளில் சிவப்புத் துணிக்கீறு கட்டி வைத்திருக்கிறேன். பிடுங்கிய பிறகு கம்பை நிழலில் நிமிர்த்தியே வைக்க வேண்டும், படுக்கப் போட்டால் கண்ணெல்லாம் முளைத்து வீணாகிவிடும். நடும்போது நுனிப்பச்சையையும் அடிக்கட்டையையும் தள்ளிவிட்டு நடுப்பகுதியை ஒரு சாண் அளவுக்கு வெட்டு. கூர்மையான வெட்டுக்கத்தி வேண்டும், பட்டை பிய்ந்தால் அங்கே அழுகும். கண் மேல்நோக்கி இருக்கும்படி மூன்றடிக்கு ஒன்றாக ஊன்று. முளைத்ததும் இரண்டு முளையை மட்டும் விட்டுவிடு.

மாலை 5:25
ஜெபின் (மஸ்கட்): எப்போது நடலாம் பெரியம்மை?

மாலை 5:31
பெரியம்மை (திருவட்டார்): சித்திரையில் ஒரு கோடைமழை மண்ணை நனைத்தவுடன். நம் ஆட்கள் பத்தாமுதயத்துக்கு, அதாவது சித்திரைப் பத்தாம் நாளில், தொடங்குவார்கள். முதலில் 10 சென்டில் மட்டும் போடு, மீதியில் சேனையும் சிறுகிழங்கும் ஏத்தன் வாழையும் வைக்கலாம். முழுவதையும் ஒரே நாளில் ஊன்றாமல் இரண்டு வாரம் விட்டு விட்டு ஊன்று. அப்போதுதான் பிடுங்குவதும் தள்ளித் தள்ளி வரும்.

மாலை 5:33
ஜெபின் (மஸ்கட்): உழவு இயந்திரம், உலர்த்தி, பொரிப்பான் மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். சொட்டுநீரை ஒரு கோடை பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். அந்தப் பணத்தில் உலர்த்தும் கூண்டும் ஆட்டுக்கொட்டிலும்.

மாலை 5:36
பெரியம்மை (திருவட்டார்): மினி, நாளை ஆராதனை முடிந்து மத்தியானம் வா. துணி கட்டிய செடிகளைக் காட்டுகிறேன். அடுத்த வாரம் கொஞ்சம் பிடுங்கி உலர்த்தப் போகிறேன், கூட நின்று பார்த்துக்கொள்.

மாலை 5:37
மினி: வருகிறேன் மாமி. சாக்கு கொண்டு வரட்டுமா?

மாலை 5:38
பெரியம்மை (திருவட்டார்): சாக்கு வேண்டாம். கம்பு கட்டக் கயிறும், உன் வீட்டுப் பெரிய அண்டாவும் கொண்டு வா.