டெக்சாஸில் இன்-ஸ்டேட் கட்டணம்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மகள் வரும் ஃபால் செமஸ்டரில் டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேரப் போகிறாள். எனக்கு எச்1பி வேலை விசா, அவளுக்கு எச்4 என்ற குடும்ப விசா. இந்த விசாக்காரர்களும் இங்கே இன்-ஸ்டேட் கட்டணத்துக்கு, அதாவது மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கான குறைந்த கட்டணத்துக்கு, தகுதி பெறலாம். வகுப்பு தொடங்கியபின் வரும் சென்சஸ் தேதிக்குள் (சேர்ந்த மாணவர்களைப் பல்கலைக்கழகம் கணக்கெடுக்கும் நாள்) பெற்றோர் 12 மாதம் தொடர்ந்து இங்கே குடியிருந்திருக்க வேண்டும். அதுவரை சரி.

போன ஜூலையில் வேலைக்காக நான் மட்டும் டாலஸ் வந்தேன். பள்ளியை முடிக்கட்டும் என்று மகளும் மனைவியும் நியூஜெர்சியிலேயே இருந்தார்கள். வாடகை ஒப்பந்தம் ரூம்மேட் பெயரில். டிரைவிங் லைசென்ஸ் மாற்றியது டிசம்பரில்தான். உறுதியான சான்று என்றால் கம்பெனி தரும் வேலைக் கடிதமும் சம்பளச் சீட்டுகளும்தான்.

இப்படி இருந்து தகுதி பெற்றவர்கள் இருக்கிறீர்களா? அந்தக் கடிதம் போதுமா? குடும்பம் வேறு மாநிலத்தில் இருந்ததைக் கிளறினார்களா? கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசப்படுகிறது, அதனால்தான் இவ்வளவு கவலை. தெரிந்ததைச் சொல்லுங்கள், ப்ளீஸ்.