நெஞ்செரிச்சல் ஆபரேஷனுக்கு அப்புறம் சைக்கிள் எடுத்தவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஏத்தப்பிரியன்:
எனக்கு நிசன், அதாவது எதுக்களிப்பை நிறுத்த இரைப்பையோட மேல்பகுதியை உணவுக்குழாயோட அடிப்பக்கத்துல முழுசா 360 டிகிரி சுத்தித் தைக்கிறது, கூடவே ஹயாட்டஸ் ஹெர்னியாவையும், அதான் நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற டயாஃப்ரம் தசையோட ஓட்டை வழியா இரைப்பை மேல ஏறுறது, அதையும் தைச்சுட்டாங்க, சைக்கிளுக்கு சர்ஜன் ஓகே சொல்லியாச்சு. மனசை விட்டுப் போகாதது ஒரே விஷயம். ஏத்தத்துல பாதி வழி, டிராப்ல, அதான் ஹேண்டில்பாரோட வளைஞ்ச கீழ்ப்பக்கத்துல, கை வெச்சு நல்லா குனிஞ்சு மிதிக்கிறேன், வாயால மூச்சு வாங்குது, அப்ப நெஞ்செலும்புக்குக் கீழ காத்து திரண்டு மேல வருது, இதோ ஏப்பம்னு உடம்பு தயாராகுது, வரல. திரும்ப வருது, அதே இடத்துல முட்டி நிக்குது. மூச்சை முழுசா இழுக்க முடியல, விலா எலும்புக்கு அடியில யாரோ கைய வெச்சு அழுத்துற மாதிரி. கால்ல தெம்பு இருக்கு, ஆனா மிதிக்க முடியல. இறங்கி நிமிந்து நின்னேன், கொஞ்ச நேரத்துல கடகடன்னு சத்தம் போட்டு அத்தனையும் கீழ்ப்பக்கமா ஓடுச்சு, வலி போயிடுச்சு.

முன்னாடி அதே மாதிரி குனிஞ்சா தொண்டை வரைக்கும் புளிச்ச தண்ணி எதுக்களிச்சு வரும், இப்ப ஒரு சொட்டு இல்ல. அந்த சந்தோஷம் சாதாரணமானது இல்ல. ஆனா தையல் கிய்யல் விட்டுப்போச்சோங்கிற பயம் ராத்திரி தூங்க விடல. வேற யாருக்காவது ரோட்டுல இப்படி ஆச்சா?

காலைக்காத்து:
எனக்கு காத்து இல்ல, சாப்பாடு. குரூப்போட போறேன், எல்லாரும் எனர்ஜி பார் பிரிக்கிறாங்க, நானும் ஒரு கடி. மெதுவா மென்னு கூழாக்கித்தான் முழுங்கணும்னு தெரியும், ஆனா மிதிச்சுக்கிட்டே மூச்சு வாங்குறப்ப எங்க மெல்லுறது? நெஞ்சு நடுவுல போய் உக்காந்துடுச்சு. தண்ணி குடிச்சா தண்ணி அது மேலயே நிக்குது, வாயில எச்சி ஊறிக்கிட்டே இருக்கு, அதையும் முழுங்க முடியல, வாந்தியும் எடுக்க வராது நமக்கு. ரோட்டோரம் நின்னு எச்சிய துப்பிக்கிட்டே இருந்தேன், மத்தவங்க சுத்தி நின்னு பாக்குறாங்க, அந்த முகங்கள் இன்னும் கண்ணுல நிக்குது. அப்புறம் தானா இறங்குச்சு.

எனக்கு டூபே, முழுசா சுத்தாம முக்கால்வாசி, 270 டிகிரிதான் சுத்துவாங்க, அதுக்கே இப்படி. ஏத்தப்பிரியன், சைக்கிள் ஓட்டுறவங்க டூபேதான் கேட்டு வாங்கணும், நிசன்ல ஏப்பம் வர்றது கஷ்டம், வயிறு உப்புறது ஜாஸ்தி.

பழையகியர்:
காலைக்காத்து, கேட்டு வாங்குறதுக்கு இது சைக்கிள் சீட் இல்லங்க. உணவுக்குழாய் எவ்வளவு பலமா தள்ளுதுன்னு மேனோமெட்ரியில பாத்துட்டு சர்ஜன் முடிவு பண்றது. ஆபரேஷன் முடிஞ்ச மனுஷன்கிட்ட போய் வேற மாதிரி பண்ணியிருக்கணும்னு சொல்றதுல என்ன பிரயோஜனம்?

என் கதை சின்னது, முதல் ரைடுல வீட்டுக்குத் திரும்பினப்ப வயிறு மத்தளம் மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். ஆனா ஏத்தப்பிரியனுக்கு சில விஷயம் சொல்லியே ஆகணும். டிராப்பை மறந்துடுங்க கொஞ்ச காலம். குனிஞ்சா வயிறு மடங்குது, உள்ள அழுத்தம் ஏறுது, டயாஃப்ரம் இறங்க இடம் இல்ல, அதுவும் தைச்ச டயாஃப்ரம். ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கிற ஸ்டெமுக்கு அடியில ஸ்பேசர் வளையம் போட்டு ஹேண்டில்பாரை தூக்குங்க, இல்லன்னா ஸ்டெம்மையே மேல் நோக்கி இருக்கிறதா மாத்துங்க. பெரிய கியரை அழுத்தி மிதிக்காதீங்க, மூச்சைப் பிடிச்சு முக்கி மிதிக்கிறதும் வெயிட் தூக்குறதும் வயித்துக்கு ஒண்ணுதான், சின்ன கியர்ல காலை வேகமா சுத்துங்க. அப்புறம் பாட்டில், அதை வாயில வெச்சு உறிஞ்சினா தண்ணியோட காத்தும் உள்ள போகும், போன காத்து மேல வர வழி அடைச்சாச்சு, அதனால வேகத்தைக் குறைச்சு, மூச்சு அடங்கினப்புறம் வாய்க்குள்ள பீச்சி சின்னச் சின்ன மொடக்கா குடிங்க. கேஸ் இருக்கிற எந்த டிரிங்க்கும் வேண்டாம். சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு கிளம்புங்க. எனர்ஜி ஜெல்லும் ஜாக்கிரதை, இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு இனிப்பு குடலுக்குள்ள சட்டுனு இறங்கி படபடப்பு, வேர்வை, பேதின்னு ஆகும், டம்பிங்ம்பாங்க, அதனால வீட்டுல கொஞ்சமா சாப்பிட்டுப் பாத்துட்டு ரோட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. முதல்ல டிரெய்னர்ல, அதான் சைக்கிளை வீட்டுக்குள்ளயே மாட்டி மிதிக்கிற ஸ்டாண்ட்ல

(நீளமா போயிடுச்சு, மீதி அப்புறம்.)

ரெண்டுசக்கரம்:
பழையகியர் அண்ணா, எல்லாம் சரி, முக்கியமானதை விட்டுட்டீங்க. மேடு ஏறுறப்ப நெஞ்சு அழுத்துது, நின்னா விடுதுன்னு ஒருத்தர் சொல்றார், நேரா ஸ்பேசருக்குப் போயிட்டீங்களே! இதயக் கோளாறுக்கும் அதே அடையாளம்தான். எனக்கும் இதே மாதிரி ஆச்சு, காத்துதான்னு நினைச்சேன், கூட வந்தவர் கேக்கல, எமர்ஜென்சிக்கே கூட்டிட்டுப் போயிட்டார். நெஞ்செல்லாம் வயர் ஒட்டி ஈசிஜி எடுத்துக்கிட்டு இருக்காங்க, நான் அசையாம படுத்திருக்கேன், அப்பதான் வந்துச்சு ஒரு ஏப்பம், குட்டியா, ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் ஏப்பம். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, அந்த நர்ஸுக்கு ஒண்ணும் புரியல. இதயத்துல ஒண்ணும் இல்லன்னு டிரெட்மில் டெஸ்ட் வரைக்கும் பாத்துதான் விட்டாங்க. அதை முதல்ல பாருங்க நண்பா. தண்ணியே இறங்கலன்னாலோ, வறட்டு ஓமட்டல் விடாம வந்து நெஞ்சு கடுமையா வலிச்சாலோ மறுநாள் பாக்கலாம்னு இருக்கக் கூடாது.

ஏத்தப்பிரியன்:
நன்றி எல்லாருக்கும். இதயம்ங்கிறது எனக்குத் தோணவே இல்ல, நாளைக்கே டாக்டர்கிட்ட இதைச் சொல்லி ஈசிஜி எடுக்கிறேன், பேரியம் முழுங்கச் சொல்லி எக்ஸ்ரேயில அந்த சுத்தையும் பாக்க முடியுமான்னு கேக்கணும். ரெண்டுசக்கரம், அந்த ஏப்பம் அதுக்கப்புறம் தொடர்ந்து வருதா?

ரெண்டுசக்கரம்:
வருது, நிமிந்து உக்காந்திருந்தா மட்டும். குனிஞ்சா இன்னும் வராது.

காலைக்காத்து:
பழையகியர், நான் யாரையும் குத்திக் காட்டல. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்த ஆய்வுகள்லயே டூபேல முழுங்குற கஷ்டம் கம்மி, எதுக்களிப்பை நிறுத்துறதுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுன்னுதான் வந்திருக்கு. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சுட்டு இதைப் படிக்கிறவங்க சர்ஜன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகட்டும்னுதான் எழுதினேன். அந்த டிரெய்னர் விஷயத்தை பாதியில விட்டுட்டீங்க, அதை முடிங்க, எனக்கும் வேணும்.