பேட்டரி மாற்றிய பின் சன்ரூஃப் முழுதாக மூடாமல் திரும்பிவிடுகிறது: வீட்டிலேயே ரீசெட் செய்ய முடியுமா?

திருச்சிவாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் காரில் ஒற்றைக் கண்ணாடி கொண்ட மின்சார சன்ரூஃப் (திறந்து மூடும் கூரைக் கண்ணாடி) உள்ளது. பேட்டரி வலுவிழந்துவிட்டதால் அண்மையில் புதியது பொருத்தினோம். பழையதைக் கழற்றியபோது சன்ரூஃப் பின்பக்கம் சற்றுத் தூக்கிய நிலையில் இருந்தது. அன்று முதல், ஒரு முறை தட்டினாலே தானாகத் திறந்து மூடும் வசதி போய்விட்டது. சுவிட்சை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் கண்ணாடி நகர்கிறது. அது மட்டுமாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். மூடும்போது, முன்விளிம்பை எட்ட நான்கு விரற்கடை இருக்கையிலேயே கண்ணாடி நின்று, வந்த வழியே பாதித் தூரம் திரும்பிவிடுவதுதான் பெருந்தொல்லை.

கையேட்டில் உள்ள ரீசெட் முறையைச் செய்து பார்த்தும் பயனில்லை. சர்வீஸ் சென்டரில் காட்டினேன். சுவிட்சை அழுத்திப் பார்த்ததோடு சரி, மோட்டாரை முழு செட்டாக மாற்ற வேண்டும் என்று கூறி, புதிய பேட்டரியின் விலையைப் போலப் பல மடங்கு தொகையைச் சொன்னார்கள். ஆனால் மோட்டாரின் ஓசையில் எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. ஐப்பசி மழை நெருங்குவதால் தற்போதைக்குத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். மோட்டாரை மாற்றாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா என்று விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

வாகன மின்பணியாளர்:

ஐயா, தார்ப்பாயின் மேல் தண்ணீர் தேங்காதவாறு சற்றுச் சரிவாகக் கட்டி வையுங்கள். மோட்டாருக்குப் பணம் கட்டுவதற்கு முன் அது எவ்வாறு இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது.

பெரும்பாலான சன்ரூஃப் மோட்டார்களில் கண்ணாடி எங்கே நிற்கிறது என்பதை நேரடியாகப் பார்க்கும் கருவி எதுவும் இல்லை. மோட்டாரின் தண்டு சுழலும்போது, காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் சுற்றுகளை எண்ணுகிறது; முழுதாக மூடிய நிலையைச் சுழியமாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து எத்தனை சுற்று விலகியிருக்கிறது என்ற கணக்கைக் கொண்டே கண்ணாடியின் இடத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டி அறிகிறது. கண்ணாடி மூடாத நிலையில் மின்சாரம் துண்டிக்கப்பட்டால், பல கார்களில் இந்தக் கணக்கு குலைந்துவிடுகிறது. ஒரே தட்டில் மூடும் வசதியை அந்தப் பெட்டி நிறுத்திவைப்பதும் இதனால்தான். எங்கே இருக்கிறோம் என்பது தெரியாமல் தானாக மூடினால் யாருடைய கையாவது சிக்கிக்கொள்ளும்.

திரும்பிச் செல்வதும் பாதுகாப்புக்காக அமைந்த ஒன்றே. தானாக மூடும் கூரைக் கண்ணாடி எதன்மேலாவது மோதினால், அழுத்தம் 100 நியூட்டனைத் தாண்டும் முன் பின்வாங்க வேண்டும் என்று ஐ.நா.வின் 21-ஆம் வாகன ஒழுங்குவிதி வரையறுக்கிறது. அது ஏறத்தாழ 10 கிலோ எடை அழுத்தும் அழுத்தம். கடைசி 4 மில்லிமீட்டருக்கு இந்த நிபந்தனை கிடையாது. ஏனெனில் அங்கே கண்ணாடி ரப்பர் பீடிங்கை அழுத்தி அமர்ந்தாக வேண்டும். ஆகவே சுழியக் கணக்கு சிறிது பிசகினாலும், பீடிங்கின் இயல்பான எதிர்ப்பையே பெட்டி ஒரு விரலாக எண்ணிப் பின்வாங்கிவிடும்.

ஆனால் உங்கள் கண்ணாடி பீடிங்கைத் தொடும் முன்பே, நான்கு விரற்கடை தள்ளித் திரும்புகிறது. எனவே கணக்குப் பிழையோடு வேறொன்றும் இருக்கலாம் என்று ஐயுறுகிறேன். மூன்று விவரங்கள் தேவை: ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்துதான் திரும்புகிறதா? எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் எத்தனை வோல்ட் உள்ளது? கண்ணாடி நகரும்போது இரு பக்கமும் ஒன்றாக வருகின்றனவா, அல்லது ஒரு பக்கம் பின்தங்குகிறதா?

நெடுஞ்சாலை ஓட்டுநர்:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? சன்ரூஃப் ஃபியூஸைப் பிடுங்கி அரை மணி நேரம் கழித்துப் போடுங்கள், அல்லது பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி மாட்டுங்கள். எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். கணினியை அணைத்துப் போடுவது போலத்தான்.

வாகன மின்பணியாளர்:

நண்பரே, ஒலிப்பெட்டியோ தொடுதிரையோ உறைந்துபோனால் உங்கள் யோசனை பயன்படும். இங்கே தொல்லை தொடங்கியதே மின்சாரம் துண்டிக்கப்பட்டதால்தான். மீண்டும் துண்டித்தால் இழந்த கணக்கு திரும்பிவராது. ஃபியூஸ் மாற்றினாலோ பேட்டரியைக் கழற்றினாலோ சன்ரூஃபை ரீசெட் செய்ய வேண்டும் என்று பல கையேடுகளே எச்சரிக்கின்றன. ஃபியூஸ் எரிந்திருந்தால் கண்ணாடி அசைந்தே இருக்காது.

திருச்சிவாசி:

விரிவான விளக்கத்திற்கு மிக்க நன்றி. எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டர் 14.1 வோல்ட் காட்டுகிறது. அணைத்துச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் 12.6 உள்ளது. கண்ணாடி எப்போதும் ஒரே இடத்திலிருந்துதான் திரும்புகிறது. அந்த இடத்தை டேப் ஒட்டி அடையாளம் செய்து பார்த்தேன், இம்மியும் மாறவில்லை. கூர்ந்து கவனித்தால் ஓட்டுநர் பக்கம் சற்றுத் தயங்கி வருவதும் தெரிகிறது. தெருவோரப் புங்க மரத்தடியில்தான் ஆண்டு முழுவதும் கார் நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய பட்டறைக்காரர்:

புங்க மரம் என்றதுமே பாதி விடை கிடைத்துவிட்டது. மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள் ஐயா, அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. பேட்டரி சரி, ஒரே இடத்தில் மட்டும் தடை, அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும். மின்சாரக் கோளாறாக இருந்தால் கண்ணாடி நினைத்த இடத்திலெல்லாம் நிற்கும், அல்லது விட்டுவிட்டு இழுக்கும். இது ரெயிலில், அதாவது கண்ணாடி நகரும் தடத்தில் உள்ள அடைப்பு.

பேட்டரி மாற்றும் வரை ஒழுங்காக மூடியதே என்று நீங்கள் கேட்கலாம். பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள், ரெயிலில் எந்த இடத்தில் எவ்வளவு இழுவை தேவை என்பதை நாளடைவில் பழகிக்கொள்கின்றன. அழுக்கு சிறிது சிறிதாகச் சேரும்போது அதற்கேற்பத் தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. நினைவு அழிந்ததும் அந்தப் பழக்கமும் போய்விடுகிறது. நேற்று வரை பொறுத்துக்கொண்ட இழுவை இன்று தடையாகத் தெரிகிறது. நீங்கள் செய்த ரீசெட் பலிக்காததற்கும் இதுவே காரணம். பல கார்களில் கண்ணாடி முழுதாக மூடிய நிலையிலிருந்துதான் ரீசெட் தொடங்க வேண்டும். உங்களுடையது அந்த நிலையை எட்டவே இல்லை.

ஆகவே முதலில் ரெயில், பிறகே ரீசெட். கண்ணாடியை முழுதாகத் திறந்து, இரு பக்க ரெயில்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கிரீஸில் பூவும் தூசியும் ஒட்டிக் கரிய களியாகக் கெட்டிப்பட்டிருக்கும். குச்சியின் முனையில் துணி சுற்றி அதை வழித்தெடுங்கள். திருப்புளி வைத்துச் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும், அந்தக் கீறலே அடுத்த தடையாகிவிடும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதையும் அருகில் கொண்டுவராதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். துருவெடுக்கும் ஸ்ப்ரே இருக்கும் கிரீஸைக் கரைத்து ஓடச்செய்துவிடுமே தவிர, கிரீஸுக்கு மாற்றாகாது. சுத்தம் செய்தபின் கையேடு குறிப்பிடும் கிரீஸை மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். பீடிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் போதும். அள்ளிப் பூசினால் அடுத்த சித்திரையில் உதிரும் பூக்களெல்லாம் அதில்தான் வந்து ஒட்டும்.

அதே வேளையில் நான்கு மூலைகளிலும் உள்ள வடிகால் துளைகளையும் பார்த்துவிடுங்கள். சன்ரூஃபின் பீடிங் எல்லா நீரையும் தடுப்பதில்லை. உள்ளே கசியும் நீர் அந்தக் குழாய்கள் வழியே தூண்களுக்குள் இறங்கிக் காரின் அடியில் வெளியேறுகிறது. அரைத் தம்ளர் நீரை மெதுவாக ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று கவனியுங்கள். அடைத்திருந்தால் கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடிக்க வேண்டாம். குழாய் அதன் முனையிலிருந்து கழன்றுவிட்டால், அப்புறம் கூரையின் உட்புறத் துணியையே இறக்க வேண்டியிருக்கும்.

திருச்சிவாசி:

ஐயா, நீங்கள் கூறியவாறே இருந்தது. ஓட்டுநர் பக்க ரெயிலில், டேப் ஒட்டிய இடத்திற்கு நேர்கீழே, காய்ந்த பூக்களும் ஒரு சிறு சருகுக் காம்பும் கிரீஸோடு இறுகி, நகத்தால் கிள்ளினாலும் வராத அளவுக்குக் கெட்டியாகப் படிந்திருந்தன. வழித்தெடுத்துப் புதிய கிரீஸ் பூசியபின் கண்ணாடி அந்த இடத்தைத் தயக்கமின்றிக் கடந்துவிடுகிறது. ஆனால் இப்போது முன்விளிம்பு வரை வந்து, பீடிங்கைத் தொட்டதும் ஒரு கணம் நின்று, மறுபடியும் திரும்புகிறது. ஒரே தட்டில் மூடும் வசதியும் இன்னும் வரவில்லை.

வாகன மின்பணியாளர்:

இப்போது எஞ்சியிருப்பது கணக்குப் பிழை மட்டுமே. ரீசெட் முறை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுபடும். உங்கள் கார் எந்த நிறுவனத்துடையது என்று நீங்கள் கூறவில்லை, எனவே உங்கள் கையேடு சொல்வதே முடிவானது. எடுத்துக்காட்டுக்கு, ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றின் கையேடுகளில் உள்ள முறையைத் தருகிறேன். எஞ்சினை ஓடவிட்டு சன்ரூஃபை முழுதாக மூட வேண்டும். சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். பிறகு சுவிட்சை மூடும் திசையில் ஏறத்தாழ 10 விநாடி, கண்ணாடி இலேசாக அசையும் வரை அழுத்திப் பிடித்து விட வேண்டும். உடனே மீண்டும் அதே திசையில் அழுத்திப் பிடித்தால், தூக்கிய நிலையிலிருந்து கண்ணாடி இறங்கி, முழுதாகத் திறந்து, தானாக வந்து மூடும். அந்தச் சுழற்சி முழுவதும் முடியும் வரை விரலை எடுக்கவே கூடாது. நடுவில் எடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கண்ணாடி பீடிங்கைத் தொட்டதும் பின்வாங்குவதால், முழுதாக மூடிய நிலைக்குக் கொண்டுவருவதே உங்களுக்குச் சிக்கல். பல கார்களில், திரும்பிய உடனேயே சுவிட்சை மூடும் திசையில் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் கண்ணாடி சிறு சிறு அடிகளாக நகர்ந்து மூடிவிடும். அவ்வேளையிலும் ரீசெட் ஓடும்போதும் பின்வாங்கும் பாதுகாப்பு வேலை செய்யாது என்றே கொள்ளுங்கள். குழந்தைகளைக் காருக்குள் இருத்த வேண்டாம், மேலே யாரும் கை வைக்க வேண்டாம். காரை மூடிய கொட்டகைக்குள் நிறுத்தி எஞ்சினை ஓடவிடாதீர்கள்.

அதற்கும் அசையாவிட்டால், சில கார்களில், உள்ளே கூரையின் முன்பகுதியில் இருக்கும் விளக்குப் பலகைக்குப் பின்னால், மோட்டாரைக் கையால் திருப்ப ஆலன் கீ (அறுகோணச் சாவி) பொருந்தும் துளை இருக்கும். அதை இறுதி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூரைத் துணியின் பக்கவாட்டு ஓரங்களை இழுக்கவே வேண்டாம். மோதலின்போது பக்கவாட்டில் விரியும் திரைச்சீலை ஏர்பேக் அங்கேதான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

நெடுஞ்சாலை ஓட்டுநர்:

இரட்டைக் கண்ணாடிப் பனோரமிக் சன்ரூஃபுக்கும் இதே முறைதானா?

வாகன மின்பணியாளர்:

அவற்றில் பெரும்பாலும் கண்ணாடிக்கு ஒரு மோட்டாரும் உள்திரைக்கு ஒரு மோட்டாரும் தனித்தனியே இருக்கும். திரையின் கணக்கு குலைந்திருந்தால் கண்ணாடியும் நகர மறுக்கலாம். கையேட்டில் இரண்டையும் பாருங்கள்.

திருச்சிவாசி:

சுவிட்சை விடாமல் அழுத்தியதில் கண்ணாடி மூடியது. தொடர்ந்து கையேட்டின்படி ரீசெட் செய்தேன், சுழற்சி தடையின்றி முழுமையடைந்தது. ஒரே தட்டில் திறப்பதும் மூடுவதும் வந்துவிட்டன. சுருட்டிய துணி ஒன்றை வழியில் பிடித்துப் பார்த்தேன். தொட்டதும் கண்ணாடி பின்வாங்கியது. வடிகால்களில் பின்பக்க இடது மூலை மட்டும் மெதுவாகச் சொட்டியது. மெல்லிய நைலான் கம்பியால் துழாவியபின் அதுவும் திறந்துகொண்டது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரேயொரு ஐயம் எஞ்சியுள்ளது. புறவழிச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் மேலிருந்து மெல்லிய விசில் ஓசை கேட்கிறது. இதுவும் ரீசெட்டோடு தொடர்புடையதா?

பழைய பட்டறைக்காரர்:

இல்லை ஐயா, அது கண்ணாடியின் உயரம். கண்ணாடியை மூடி, ஒரு தட்டையான அளவுகோலைக் கூரைக்கும் கண்ணாடிக்கும் குறுக்கே வைத்துப் பாருங்கள். பொதுவாக முன்விளிம்பு கூரைக்குச் சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தோ இருக்க வேண்டும். பின்விளிம்பு சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தோ இருக்கலாம். முன்விளிம்பு துருத்திக்கொண்டிருந்தால் காற்று அதில் மோதி விசிலடிக்கும். உள்ளிருந்து பார்த்தால் கண்ணாடியின் இரு ஓரங்களிலும் திருகுகள் தெரியும். அவற்றைக் கழற்றாமல் சற்றே தளர்த்தி, கண்ணாடியை அழுத்தி மட்டம் பார்த்து, இரு பக்கமும் மாறி மாறி இறுக்குங்கள். மட்டம் சரியாக இருந்தும் ஓசை வந்தால், பீடிங்கின் மூலையில் பூ இதழ் ஏதேனும் மடங்கிக் கிடக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.